சோதினை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உயர்தரத்துக்குக் கணிதமும் உயிரியலும் தொழில்நுட்பமும் எடுத்துச் சோதினை எழுதி முடித்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



றிசல்ட் வர மாதங்கள் செல்லும். வந்த பிறகு வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு பல்கலைக்கழகக் கடிதத்துக்கு. இந்த இடைவெளியில் உங்களில் சிலர் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவீர்கள். சிலர் கொம்பியூட்டர் கோர்ஸ், சிலர் அப்பாவோடு வயல். கணிசமானோர் வீட்டுப் பத்தியில் நாலு வாங்கு போட்டு ரியூசன் தொடங்குவீர்கள். தொடங்குங்கள், காசு தேவை. அதைத் தவிர வாரத்தில் ஒரு பின்னேரம், சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை என்று வையுங்களேன், அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உங்கள் ஊரில் தரம் ஆறிலிருந்து ஒன்பதுவரை படிக்கும் பிள்ளைகளைச் சனசமூக நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி ஒரு விஞ்ஞானக் கழகம் நடத்த வேண்டும். மாதம் ஒரு தடவை அந்தப் பிள்ளைகளே எழுதி எட்டுப் பக்கத்தில் ஒரு சஞ்சிகை வெளியிட வேண்டும். அவ்வளவுதான் கேட்பது.

ஏன் ஆறிலிருந்து ஒன்பது? ஐந்தாம் வகுப்புவரை புலமைப்பரிசில் பிள்ளையை விடாது. பத்தாம் வகுப்பில் சாதாரண தரம் வந்து பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள நாலு வருடம்தான் பிள்ளைக்கு மூச்சு விடக் கிடைக்கிற காலம். ஏன் நீங்கள்? உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலைகளில் மட்டும். வன்னியில் அவை பெரும்பாலும் பட்டினத்தை ஒட்டியவை. உள்ளூர்ப் பாடசாலையில் பதினொன்றோடு படிப்பு முடிகிறது, அல்லது கலைப்பிரிவோடு. அங்கே படிக்கும் பிள்ளை விஞ்ஞானம் எடுத்த ஒருவரை நேரில் காண்பது அபூர்வம். நீங்கள் அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மூன்று மாவட்டங்களும் பின்தங்கியவை என்ற பட்டியலில் உள்ளன, அதற்காக 5 வீத இடங்களில் பங்கும் உண்டு. அந்தச் சலுகை உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்து முடித்தவருக்கு உதவும். ஏழாம் வகுப்பில் "விஞ்ஞானம் எனக்குச் சரிவராது" என்று கைவிடுகிற பிள்ளையை அது எட்டாது.

பாடசாலைகளில் விஞ்ஞான மன்றம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், காப்பாளர் எல்லோரும் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை. அன்று பிள்ளை செய்வது கை தட்டுவது. எல்லா இடமும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும், தன் சம்பளக் காசில் காந்தமும் வில்லையும் வாங்கிக் கொண்டுபோகும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆசிரியர் தனியாக இழுக்கிற வண்டி எவ்வளவு தூரம் போகும்?

சஞ்சிகை விடயத்தில் நாங்கள் ஒன்றும் வெறுங்கையோடு தொடங்கவில்லை. எழுபதுகளில் மலைநாட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருந்த தமிழ் அறிஞர்கள் 'ஊற்று' என்ற அறிவியல் இதழை நடத்தினார்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, அச்சுத் தாளும் இல்லை. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம் அது. அப்போதுதான் வரதர் என்று அறியப்பட்ட தி. ச. வரதராசன் 'அறிவுக் களஞ்சியம்' என்ற இதழை மாணவருக்காகக் கொண்டுவந்தார். அவருக்கு அப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. அவர் இளைஞராக இருந்தபோது நண்பர்களோடு நடத்திய 'மறுமலர்ச்சி' 1946இல் அச்சுக்கு வருமுன் கையெழுத்துச் சஞ்சிகையாகத்தான் ஊரில் கை மாறியது. இன்று தேசிய விஞ்ஞான மன்றம் 'விதுராவ' என்ற இதழை மூன்று மொழியிலும் வெளியிடுகிறது. உங்கள் ஊர் நூலகத்தில் அது இருக்கிறதா என்று ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து 'துளிர்' என்ற சிறுவர் இதழை நடத்துகிறது. அதை வாசிக்கும் பிள்ளைகள் கூடுவதற்குத் துளிர் இல்லங்கள் என்று ஊர் ஊராக ஏற்படுத்தினார்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970இல் தொடங்கிய 'யுரீக்கா' இதற்கு அண்ணன். இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: இதழும் கழகமும் சேர்ந்தே இருந்தன. கழகம் இல்லாத இதழ் அலுமாரிக்குள் போகும். இதழ் இல்லாத கழகம் அன்றைய பின்னேரத்தோடு மறந்து போகும்.

அப்படியானால் துளிரையே வரவழைத்து வாசிக்கக் கொடுக்கலாமே? கொடுங்கள், நல்லது. ஆனால் அது போதாது, ஏன் என்பதற்கு முல்லைத்தீவுக் கடற்கரையை எடுத்துச் சொல்கிறேன்.

2004 டிசெம்பர் 26 அன்று தாய்லாந்தின் பூக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுப் பிரித்தானியச் சிறுமி நின்றாள். இரண்டு கிழமைக்கு முன் புவியியல் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்து, கடல் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை, சுனாமி வரப்போகிறது என்று கத்தி, அந்தக் கரையில் நின்றவர்களைக் காப்பாற்றினாள். உலகம் முழுவதும் சிறுவர் புத்தகங்களில் இந்தக் கதை வந்துவிட்டது. அதோடு "கடல் உள்வாங்கினால் ஓடு" என்ற பாடமும் வந்துவிட்டது. பாடம் சரி. ஆனால் அதில் பாதிதான் எங்களுக்குப் பொருந்தும். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் முறிந்தபோது அதன் கிழக்குப் பக்கம் தாழ்ந்தது, மேற்குப் பக்கம் உயர்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம், கடல் உள்வாங்கியது. மேற்கே எங்களை நோக்கி முதலில் வந்தது மேடு. எங்கள் கிழக்குக் கரையில் நீர் உள்வாங்கிக் காட்டி எச்சரிக்கவில்லை, ஏறித்தான் வந்தது. நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. கடல் வற்றும்வரை பார்த்திருக்கலாம் என்று ஒரு முல்லைத்தீவுப் பிள்ளை புத்தகத்தில் படித்து நம்பினால் அது ஆபத்து. இதை எங்கள் பிள்ளைக்கு யார் எழுதுவார்கள்? சென்னையில் இருப்பவர் ஏன் எழுத வேண்டும்?

அதே டிசெம்பர் 26, பதினைந்து வருடம் கழித்து, 2019. கரையில் நினைவஞ்சலிக்குச் சனம் கூடியிருந்த அதே காலையில், ஒன்பதரை மணியளவில், சூரியன் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மேலே வளையமாக நின்றது. கங்கண சூரிய கிரகணம். அதற்கு ஏறத்தாழப் பத்து வருடத்துக்கு முன், 2010 ஜனவரி 15, தைப்பொங்கலுக்கு மறுநாள் மத்தியானமும் எங்கள் தலைக்கு மேல் ஒரு கங்கண கிரகணம் வந்தது. அப்போது எங்களில் பலர் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் இப்படி வளையம் தெரிவது சராசரியாக இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்கு ஒருமுறை. எங்களுக்குப் பத்து வருடத்துக்குள் இரண்டு. அந்த இரண்டு நாளும் பெரும்பாலான பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். வேப்பமரத்தின் கீழே நின்றிருந்தாலே போதும். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கமரா, மணலில் நூற்றுக்கணக்கான சிறு வளையங்கள் விழுந்திருக்கும். மேலே பார்க்கத் தேவையில்லை, கண்ணுக்கும் கேடில்லை.

2031 மே 21இல் இன்னொன்று தென்னிந்தியாவையும் எங்கள் தீவின் வடபகுதியையும் தொட்டுப் போகிறது. வளையத்தின் தெற்கு விளிம்பு எந்த ஊரோடு நிற்கும் என்பதைத் தேசப்படத்தில் கோடு போட்டுப் பார்ப்பது உங்கள் கழகத்துக்கு நல்ல வேலை. இன்று ஆறாம் வகுப்பில் இருப்பவர் அதைக் கணக்கிடும் வயதில் இருப்பார்.

இனி, என்ன எழுதுவது? வன்னியில் விஞ்ஞானத்துக்கு என்ன இருக்கிறது, ஆய்வுகூடம்கூட இல்லையே என்று அழ வேண்டாம். உங்கள் அப்பாமாரைக் கேளுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. ஆகவே ஒரு சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள், காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பீச்சி உதைப்பார்கள், எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் தன்பாட்டில் எரியும். ஏன் அப்படி? பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது திரவமாகவே கிடக்கும். உங்கள் இரசாயனவியல் புத்தகத்தில் ஆவியமுக்கம் என்று ஒரு அத்தியாயம் இருந்ததல்லவா, அதை மெக்கானிக் ஒருவர் றோட்டோரத்தில் சூப்பிப் போத்தலோடு செய்துகாட்டிக்கொண்டிருந்தார்.

ஜாம் போத்தல் விளக்கும் அப்படித்தான். அடியில் பஞ்சு, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய், நூலளவு திரி, போத்தலின் கண்ணாடியே சிமினி. ஒரு தேத்தண்ணிக் கோப்பை எண்ணெய்க்கும் குறைவாக விட்டு இரவிரவாகப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். தைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் இருவாயி போட்டுச் சீராக்க வேண்டும். சாதாரண தரப் புத்தகத்தில் இருவாயி படம் பார்த்து மனப்பாடம் பண்ணிய நீங்கள், பக்கத்து வீட்டு மாமா அதை ஈயம் உருக்கி ஒட்டினார் என்று அறிவீர்களா? அந்த மாமாவைச் சனிக்கிழமை கூப்பிடுங்கள். பொன்னாடை வேண்டாம், ஒரு பிளேன்ரீ போதும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், எழுதட்டும். எண்ணெய் விளையாட்டை மட்டும் செய்து பார்க்க விடாதீர்கள், கேட்டு எழுதினால் காணும்.

இந்த விடயங்களை எழுதிவைத்த சிறுவர் சஞ்சிகை எதையும் நான் காணவில்லை. தெரிந்தவர்களுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது.

அடுத்தது மழை. கார்த்திகை, மார்கழியில் கிளிநொச்சிச் சந்தையில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "இரணைமடு எத்தனை அடி?" என்பதுதான். முப்பத்தாறு அடி நிறைந்தால் வான் கதவு திறப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நேற்று எங்கள் ஊரில் எத்தனை மில்லிமீற்றர் மழை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 2018 டிசெம்பர் 21, 22இல் வெள்ளம் வந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, மழை எங்கே எவ்வளவு பெய்தது, குளத்துக்கு எப்போது எவ்வளவு வந்தது என்று பெரியவர்கள் மாதக்கணக்காக வாதாடினார்கள். ஊருக்கு ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் இருந்திருந்தால் வாதம் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக நடந்திருக்கும்.

மழைமானி செய்யக் கடைக்குப் போக வேண்டாம். பக்கம் நேராக உள்ள ஒரு பெரிய சோடாப் போத்தல். கழுத்துப் பக்கத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் புனல். அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கே கூழாங்கல் போட்டுத் தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு கீறி, அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறியுங்கள். மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில் வையுங்கள், மாடு தட்டாத உயரத்தில். வளிமண்டலவியல் திணைக்களம் பார்ப்பதுபோல் காலை 8.30க்குப் பார்த்து எழுதி, ஊற்றிவிட்டு, மறுபடி சுழியக் கோட்டுக்கு நிரப்ப வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,250 லீற்றர். வீட்டில் நிற்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பி வழியும். இதைக் கணக்கிட்டுப் பார்த்த பிள்ளை பங்குனியில் பவுசருக்குக் காத்திருக்கும்போது கூரையைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும்.

இதில் மூன்று மாவட்டமும் சேரவும் ஒரு வழி உண்டு. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் பிறந்து, இரணைமடுவை நிரப்பி, மிச்சம் சுண்டிக்குளம் களப்பில் போய் விழுகிறது. பூநாரைகள் வந்து இறங்கும் அதே சுண்டிக்குளம். புளியங்குளத்தில் ஒரு போத்தல், இரணைமடுவுக்குக் கீழே ஒரு போத்தல், சுண்டிக்குளத்தில் ஒரு போத்தல் வைத்து, மூன்று கழகமும் கணக்கை மாற்றிக்கொண்டால், ஆற்றின் மேலே, நடுவே, கீழே எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம்.

கிணற்றுத் தண்ணீர் பற்றியும் எழுதச் சொல்லுங்கள், ஆனால் கவனமாக. வவுனியாவில் சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தின்றிருக்கிறது, அதன் காரணம் இன்னும் முழுதாக முடிவாகவில்லை. பிள்ளைகளைக் கொண்டு தீர்ப்பு எழுத வைக்காதீர்கள். கேத்திலின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படை என்ன, பல்லில் கபிலக் கோடு ஏன் விழுகிறது என்பதில் தொடங்குங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். இந்த ஒரு விடயம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சேர்ந்தாலே ஒரு இதழுக்குப் பலன்.

மற்ற நாட்டுச் சிறுவர் விஞ்ஞானப் புத்தகங்களில் எல்லாம் "வெளியே போய் வித்தியாசமான பொருட்களைப் பொறுக்கி வா" என்று ஒரு பயிற்சி இருக்கும். இங்கே அது கூடாது. முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்: இரும்பு எதையும் எடுக்கக் கூடாது, தெரியாத பொருளைத் தொடக் கூடாது, பற்றைக்குள் போகக் கூடாது, மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும், பெரியவரிடம் சொல்ல வேண்டும். மிதிவெடி அகற்றிவிட்டார்கள் என்று சொன்ன இடமானாலும் மிதித்து வழியான பாதையிலேயே நடக்க வேண்டும். இலை, விதை, பூச்சி பார்க்க வீட்டு வளவும் பாடசாலை வளவும் தாராளம். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போக ஆசை வரும். பெரியவர்கள் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சஞ்சிகை செய்வது லேசு. ஒரு ஏ4 தாளை மூன்று தடவை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். நீளவாக்கு மடிப்பின் நடுப் பாதியில் மட்டும் ஒரு வெட்டு வெட்டி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். ஒரு பக்கம் மட்டும் போட்டோக் கொப்பி எடுத்தால் போதும், பின் பக்கம் வெறுமையாக மடிப்புக்குள் போய்விடும். பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருக்கட்டும். நீங்கள் திருத்தி எழுதிக் கொடுத்தால் அது உங்கள் கட்டுரை ஆகிவிடும். விஞ்ஞானப் பிழையைத் திருத்துங்கள், பிள்ளையின் வசனத்தை விட்டுவிடுங்கள். புத்தகத்திலிருந்து ஐன்ஸ்டைன் வரலாற்றைப் பார்த்து எழுதி வருபவரைக் கோபிக்காமல் திருப்பி அனுப்பி, "உன் வீட்டுக் கிணறு எத்தனை முழம்?" என்று கேளுங்கள். அறிவியல் நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன, பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டு உங்களுக்கும் தெரியாத கேள்விகளை அங்கே எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நேரில் போங்கள்.

காசு சேர்க்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமார் தருவார்கள், மனமுள்ளவர்கள்தான். ஆனால் காசு வந்தால் பெயர்ப்பலகை வரும், பெயர்ப்பலகை வந்தால் திறப்புவிழா வரும், திறப்புவிழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று சண்டை வரும். போட்டோக் கொப்பிக் காசு உங்கள் ரியூசன் வருமானத்திலேயே அடங்கும்.

கடிதம் வந்ததும் நீங்கள் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்விடுவீர்கள், கழகம் படுத்துவிடுமே என்று ஒரு தம்பி கேட்டார். படுக்கலாம். அடுத்த வருடம் சோதினை எழுதி முடிப்பவர்கள் எடுத்து நடத்தினால் நல்லது, இல்லாவிட்டால் ஓடிய வரைக்கும் ஓடியதுதான். 'ஊற்று' நின்றது, 'அறிவுக் களஞ்சியம்' நின்றது. இன்று அவற்றை நான் எடுத்துப் பார்க்க முடிவது நூலக நிறுவனத்தார் பழைய ஈழத்து இதழ்களைத் தேடி ஸ்கான் செய்து எண்ணிமமாக வைத்திருப்பதால். உங்கள் எட்டுப் பக்கத்திலும் ஒரு பிரதியை அவர்களுக்குக் கொடுங்கள், ஒன்றைச் சனசமூக நிலையத்தில் வையுங்கள். முன் பக்கத்தில் ஊர்ப் பெயர், மாதம், வருடம், இதழ் எண் நான்கையும் மறக்காமல் போடுங்கள். பழைய கையெழுத்துச் சஞ்சிகைகளில் பாதிக்கு மேல் இது இல்லாமல்தான் எங்களைத் திண்டாட வைக்கின்றன.

அன்புடன்,
விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர்,
கிளிநொச்சி